ஜம்புவும் லில்லியும் கிளம்பிய கோடை

ஏப்ரல் 2

உத்தரவு வந்துவிட்டது. இனிமேல் சிம்பன்சிகளை எந்த ஆய்வுக்கும் பயன்படுத்தக் கூடாது என்று எங்கள் தடுப்பூசி ஆய்வு நிலையத்தை நடத்தும் அறக்கட்டளை முடிவு செய்திருக்கிறது. இருக்கிற இரண்டையும் ஜூன் மாதத்துக்குள் ஒரு நல்ல இடத்துக்கு அனுப்பிவிட வேண்டுமாம். பொறுப்பு கால்நடை மருத்துவர் கோகிலவாணியுடையது. அதாவது என்னுடையது. எந்த இடம், எப்படிக் கொண்டுபோவது, வழியில் ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது, ஒன்றும் இல்லை. நல்ல இடம் என்பது மதுக்கரை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே போர்டு மாட்டிக்கொண்டு இருப்பதுபோல எழுதியிருக்கிறார்கள்.

கூண்டுப் பராமரிப்பாளர் நாச்சிமுத்துவிடம் சொல்லப் போனேன். கூண்டிலிருந்த ஆண் சிம்பன்சி ஜம்பு என்னைப் பார்த்ததும் குழாயில் வாய் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் வந்ததும் துப்பினான். தலைமுடியிலிருந்து கோட்டு வரை நனைந்தது. ஒரு தடவைகூட அவன் குறி தப்பியதில்லை.

"உங்கள மட்டுந்தானுங் மேடம் இப்பிடி. எங்க மேலெல்லாம் துப்பமாட்டான்" என்றார் நாச்சிமுத்து. ஆறுதல் சொல்கிறாராம்.

வீட்டில் மோட்டார் ஓடவில்லை. மேல் தொட்டியில் தண்ணீர் இல்லை. கோட்டை ஊறப் போடக்கூட முடியவில்லை.

ஏப்ரல் 4

"சந்தோஷமா கோகிலா?" என்று இவர் கேட்டார். மோட்டாரைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? எனக்கு எதற்குச் சந்தோஷம், எனக்கு வேலைதான் கூடியிருக்கிறது என்றேன்.

ஊரில் எல்லோரும் இப்போது என்னை ஏதோ பாவத்திலிருந்து விடுபட்டவள்போலப் பார்க்கிறார்கள். என் அண்ணன் மஞ்சள் காமாலை முற்றி, ஈரல் சுருங்கி, முப்பத்தாறு வயதில் போனார். அதனால்தான் மாட்டு ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தேன். அந்த நோய்க்கான தடுப்பூசியைச் சோதிக்கத்தான் இந்தக் குரங்குகளைக் குட்டியாக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். நான் சேர்ந்தபோது ஒரு கூட்டமே இருந்தது. தடுப்பூசி வந்தது. என் மகள் பிறந்த அன்றே அவள் தொடையில் அதைப் போட்டார்கள். இதில் எதையும் நான் இல்லை என்று சொல்லப் போவதில்லை.

ஆனால் தடுப்பூசி வந்து எவ்வளவோ காலம் ஆகிறது. அதற்கப்புறம் இவை இரண்டும் ஏன் கூண்டிலேயே இருந்தன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. இருந்தன, அவ்வளவுதான்.

மோட்டாரில் புஷ் போய்விட்டதாம்.

ஏப்ரல் 11

ஒரு மிருகக்காட்சி சாலை லில்லியின் ரத்தத்தில் கிருமி இருப்பதால் முடியாது என்று சொல்லிவிட்டது. அந்தக் கிருமியை அவள் உடம்பில் ஏற்றியது நாங்கள். இன்னொரு இடத்தில் ஜம்பு மட்டும் போதும் என்றார்கள். இரண்டும் ஒன்றாகவே வளர்ந்தவை, பிரிக்க முடியாது என்றேன். "மேடம், குரங்குதானே" என்றார் அந்த அதிகாரி. போனை வைத்துவிட்டேன். பிறகு நானே மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன், வேறு வழி இல்லாமல் அவரிடமே நாளைக்குப் போய் நிற்க வேண்டி வரலாம் என்பதால்.

ஏப்ரல் 12

லில்லியின் விஷயம் ஒன்று எரிச்சலூட்டுகிறது. எழுதிவைக்கிறேன்.

ரத்தம் எடுப்பதற்காக அவளைப் பழக்கியிருக்கிறோம். என்னைப் பார்த்தால் கம்பிக்கு நடுவில் உள்ள துளை வழியாக இடது கையை நீட்டுவாள். எடுத்து முடித்ததும் திராட்சை கிடைக்கும். இப்போது ரத்தம் எடுப்பது நின்றுவிட்டது. ஆனாலும் நான் போனால் கை வெளியே வருகிறது. "வேண்டாம் லில்லி" என்கிறேன். அவள் கையைத் திருப்பி, உள்பக்கம் நரம்பு தெரிகிற மாதிரி காட்டுகிறாள், நான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

திராட்சையை முதலிலேயே கொடுத்துப் பார்த்தேன். தின்றுவிட்டு மறுபடி நீட்டினாள். வாங்கியதற்குக் கொடுக்க வேண்டும் என்று யார் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது?

அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆபீஸ் வேலையும் கிடக்கிறது.

ஏப்ரல் 19

பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு விலங்கு மீட்பு மையம். நடத்துகிறவர் அன்னம்மா என்ற டாக்டர். சர்க்கஸிலிருந்து மீட்ட சிம்பன்சிகளுக்காகக் கட்டிய இடம், அவை வயதாகிப் போய்விட, இப்போது காலியாக இருக்கிறது. மின்வேலி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். வேலி ஒழுங்காக இருக்கிறது. உள்ளே புல், ஒரு ஓடை, பெரிய பலா மரங்கள். வேலியைப் பார்த்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன், வண்டிக்காரர் சாப்பிடப் போயிருந்ததால்.

இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன் என்று அன்னம்மா சொன்னார். கிருமி பற்றிச் சொன்னதற்கு, "அது நமக்கு ஊசி போட்டா தீர்ந்தது டாக்டரே" என்று சிரித்தார். ஜம்புவின் இதயம் வீங்கியிருப்பதை ஸ்கேனில் காட்டினேன். இந்த வயதில் ஆண் சிம்பன்சிகளுக்கு இது சகஜம். மயக்க ஊசி போட்டுத் தூக்கிக்கொண்டு போனால் வழியிலேயே நின்றுவிடலாம். அதனால் பயணப் பெட்டிக்குள் அவனாகவே நடந்து போகப் பழக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

பிறகு கூண்டில் எடுத்த வீடியோவைப் போட்டேன். நான் உள்ளே வருகிற இடம் வந்ததும் ஜம்பு கத்துகிறான், முடி சிலிர்த்து மூலைக்கு ஓடுகிறான், பிறகு தண்ணீர் பிடிக்கிறான். அன்னம்மா அந்த இடத்தைத் திரும்ப ஒரு தடவை பார்த்தார்.

"டாக்டரே, தப்பா எடுத்துக்காதீங்க. பழக்குற வரைக்கும் நீங்க அவன் கண்ணுல படவே கூடாது."

தெரியும் என்றேன். தெரிந்த விஷயத்தைச் சொல்வதற்கு எதற்கு அவ்வளவு மெதுவாகப் பேசினார் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 25

இயக்குநர் சௌந்தரபாண்டியன் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஒரு மருந்து கம்பெனி ஈரலுக்குப் புது மருந்து ஒன்று கண்டுபிடித்திருக்கிறதாம். ஜூன் வரைக்கும் நமக்கு அவகாசம் இருக்கிறதாம்.

"கடைசியா ஒரே ஒரு ஸ்டடி மேடம். ஈரல்ல ரெண்டு தடவை சதை எடுக்கணும், அவ்வளவுதான். நீங்க கண்ண மூடிக்கிட்டுச் செய்வீங்க."

ஜம்புவின் ஸ்கேனை மேஜையில் வைத்தேன். பார்த்தார். "அப்ப லில்லி மட்டும் போதும்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. நிலையம் மூடிவிடுமோ என்று பயப்படுகிறார். போன வருஷம் ஆய்வக உதவியாளர்கள் சிலரை வீட்டுக்கு அனுப்பினோம், அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ஆனால் இந்த 'கடைசியா ஒரே ஒரு' என்பதை நான் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறேன். லில்லியின் வயிற்றில் முடியை மழித்தால் ஊசித் தழும்பு இல்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆய்வுகளுக்கு அனுமதி தரும் விலங்கு நலக் குழு கூடட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 3

குழு கூடியது. மயக்க மருந்தின் ஆபத்துகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தயார் செய்திருந்தேன். லில்லியின் வயது, ரத்தச் சோகை, போன தடவை மயக்கம் தெளிய எடுத்துக்கொண்ட நேரம், எல்லாம் வரிசையாக இருந்தன. என் முறை வந்தபோது, "நான் மயக்க மருந்து கொடுக்கமாட்டேன்" என்று மட்டும் வந்தது.

"கொடுக்க முடியாதா, கொடுக்கமாட்டீங்களா?" என்று இயக்குநர் கேட்டார்.

"கொடுக்கமாட்டேன் சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கையில் காரணங்கள் இருந்தன. அதையே படித்திருக்கலாம்.

வேறு மருத்துவரை வரவழைக்க முடியும் என்றார் இயக்குநர். முடியும்தான். குழுவில் வெளியாள் ஒருவர் உண்டு, ஞானசௌந்தரி என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எப்போதும் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர் என்று நினைத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"இந்த மருந்த இதுமேல போட்டுப் பாக்காம வேற விதமா சோதிக்க முடியாதுங்களா?"

"முடியும் மேடம். மனுஷ ஈரல் செல்ல வளர்த்துச் செய்யலாம். ஆனா அதுக்கு ஏழெட்டு மாசம் கூட ஆகும்" என்றார் இயக்குநர்.

"அந்த லில்லிப் பொண்ணு எத்தன வருஷமா இங்க இருக்கு?"

இயக்குநர் என்னைப் பார்த்தார். இருபத்தேழு என்றேன்.

"அப்ப கம்பெனிக்காரங்க ஏழெட்டு மாசம் காத்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் ஏற்கெனவே அதையே நினைத்திருந்ததுபோலத் தலையை ஆட்டினார்கள். இதை முன்பே ஆட்டியிருக்கலாம்.

வெளியே வரும்போது இயக்குநர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்டில் ஒன்றாகத்தான் இறங்கினோம்.

மே 8

பெட்டிகள் வந்தன. கூண்டின் வெளித் திடலோடு சேர்த்துப் பொருத்தியாயிற்று. உள்ளே பழம் வைத்து, அவையாகவே போய் எடுக்க வைக்க வேண்டும். நான் ஆபீஸில் கேமரா வழியாகப் பார்க்கிறேன்.

மே 15

லில்லி உள்ளே போய் உட்கார்ந்து தின்கிறாள். ஜம்பு வாசலில் நின்று கையை நீட்டி எட்டிய மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

மே 16

அதே கதை.

மே 21

அதே. வெயில். ஏசி வேலை செய்யவில்லை. புகார் கொடுத்தால், குரங்குக்குத்தான் முன்னுரிமை என்கிறார் எலக்ட்ரீஷியன். நாட்டில் யாருக்கெல்லாம் நகைச்சுவை வந்துவிட்டது பாருங்கள்.

மே 23

காரணம் தெரிந்துவிட்டது. ஜம்புவுக்குப் பசியே இல்லை. பயிற்சிக்கு முன்னால் நாச்சிமுத்து அவனுக்கு பன்னும், டீயும், வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்பங்கஞ்சியும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கேமரா எட்டாத மூலையில் நின்று. தற்செயலாகப் பின்பக்கம் போன நான் அவரைக் கஞ்சித் தூக்குப்போசியும் கையுமாகப் பிடித்தேன். ஜம்பு கத்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடினான்.

"என்ன இது?"

"பசிக்குமல்லங் மேடம்."

"பசிச்சாத்தான பெட்டிக்குள்ள போவான்? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுங்."

அவர் தூக்குப்போசியை மூடித் திறந்து மூடினார். "போயிட்டான்னா நானு என்னங் பண்றது? முயல் கூண்டு கழுவச் சொல்லுவாங்க. முயலு என்னத்தப் பேசும்? இவனாச்சும் காலைல வந்தா தோளத் தட்டுவான். எங்க வூட்ல அதுகூட இல்லீங்."

எனக்கு வந்த கோபத்தில் நிறையச் சொல்லியிருப்பேன். அவன் இங்கேயே இருந்தால் இன்னொரு உத்தரவு வரும், இன்னொரு 'கடைசி' வரும், அப்போது நான் இல்லாமல் போனால் வேறு யாராவது ஊசியோடு வருவார்கள், அப்போது உங்கள் கஞ்சி என்ன செய்யும் என்று கேட்டேன். அவர் தூக்குப்போசியைக் கழுவப் போனார். நானும் கிளம்பிவிட்டேன். மேலாளரிடம் புகார் செய்யவில்லை. செய்தால் புதிய ஆளைப் பழக்க வேண்டும், எனக்குத்தான் இன்னொரு தலைவலி.

மே 24

நாச்சிமுத்து தூக்குப்போசி கொண்டுவரவில்லை.

மே 30

ஜம்பு முழு உடம்போடு பெட்டிக்குள் போனான். வாழைப்பழத்தை அங்கேயே உரித்துத் தின்றான். நாச்சிமுத்து கேமராவைப் பார்த்துக் கையை உயர்த்தினார். எனக்கும் கை உயர்ந்தது. ஆபீஸில் யாரும் இல்லை.

ஜூன் 12

இன்று அனுப்பினோம். ஒழுங்காக எழுத முடிகிறதா பார்ப்போம்.

விடியும்போதே லாரி வந்தது. வெயிலுக்கு முன் வாளையாறு தாண்டிவிட வேண்டும் என்பது திட்டம். நான் மருந்து ஸ்டோருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாச்சிமுத்து போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். லில்லி பெட்டிக்குள் போய்விட்டாள். அவள் பெட்டியின் கதவு இறங்கிவிட்டது. ஜம்பு வரவில்லை. லாரிச் சத்தம், தெரியாத ஆட்கள், கிரேனின் கொக்கி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உள்ளறையின் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். திராட்சை, தேன், கஞ்சி, எதற்கும் வரவில்லை. நாச்சிமுத்து பெட்டிக்கு அந்தப் பக்கம் கம்பியோரம் உட்கார்ந்து குரல் கட்டும் வரை கூப்பிட்டார்.

வெயில் ஏறியது. லில்லி பெட்டிக்குள்ளிருந்து அழ ஆரம்பித்தாள். உள்ளறையிலிருந்து அவன் பதிலுக்குக் குரல் கொடுத்தான், ஆனால் எழுந்திருக்கவில்லை. இயக்குநர் ஸ்டோருக்கே வந்துவிட்டார்.

"மேடம், லில்லி அந்தத் தகரத்துக்குள்ள வெந்துரும். ஊசி போடுங்க, இல்லன்னா அத மட்டும் அனுப்புங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

நியாயமான கேள்வி. அதனால்தான் அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது. ஊசி போட்டால் அவன் இதயம் தாங்குமா என்று தெரியாது. லில்லியை மட்டும் அனுப்பினால் அவன் இந்தக் கட்டடத்தில் தனியாக இருப்பான், யாராவது ஒரு 'கடைசி'யோடு வரும்வரை. அன்னம்மாவை போனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

உள்ளறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு இருக்கிறது. எத்தனையோ வருஷமாக நான் அந்தக் கதவு வழியாகத்தான் வருவேன், மயக்க ஊசியை வாயால் ஊதி எய்யும் குழலோடு. அவன் எங்கே உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கதவைப் பார்த்தபடிதான் உட்காருவான்.

வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். அலமாரியிலிருந்து குழலை எடுத்தேன். ஊசி எடுக்கவில்லை. நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு, "ஜம்பு பெட்டியோட கதவுக் கயித்தப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. அவன் உள்ள வந்ததும் விட்ருங்க" என்றேன்.

"நீங்க கண்ணுல படக்கூடாதுன்னாங்களேங் மேடம்?"

"பிடிச்சுக்குங்க."

பின்கதவைத் திறந்தேன்.

அவன் என்னைப் பார்த்தான். குழலைப் பார்த்தான். அவன் கத்திய அந்தச் சத்தத்தை நான் முன்பும் கேட்டிருக்கிறேன், ஆனால் இவ்வளவு பக்கத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்று கேட்டதில்லை. எழும்போதே தரையெல்லாம் மூத்திரம் போய்விட்டது. துப்பவில்லை, தண்ணீர் பிடிக்க நேரமில்லை. நான் ஒரு அடி உள்ளே வைத்தேன். அவன் திடலைத் தாண்டி, நாலு காலில் பாய்ந்து, இருந்த ஒரே வழியில் ஓடினான். பெட்டிக் கதவு இறங்குகிற சத்தம் கேட்டது.

என்னிடமிருந்து தப்பிக்க ஓடினான். தப்பித்துவிட்டான்.

லாரி கிளம்பும்போது நான் முன்பக்கம் போகவில்லை. உள்ளறைத் தரையைக் கழுவிவிட்டேன். நாச்சிமுத்து வண்டியோடு போய்விட்டதால் கழுவ ஆள் இல்லை. சாயங்காலம் அன்னம்மா பேசினார். இரண்டும் நன்றாக வந்து சேர்ந்தன, இதயத் துடிப்பு பரவாயில்லை என்றார். எப்படி உள்ளே போனான் என்று கேட்டார். போனான் என்றேன்.

இவர் தோசை ஊற்றி வைத்திருந்தார். வட்டமாக வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஜூன் 13

லீவு போட்டேன். தலைவலி.

ஜூன் 26

என்னை முயல் பிரிவுக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். அவற்றின் கண்ணில் சொட்டு மருந்து விட்டுச் சோதிக்க ஒரு திட்டம் வந்திருக்கிறது. கையெழுத்துக்கு அனுப்பியிருந்தார்கள். இதையே செல் வளர்த்துச் செய்ய முடியாதா என்று கேட்டு இயக்குநருக்குத் திருப்பி அனுப்பினேன். "மேடம், இனிமே எல்லாத்துக்கும் இதே கேள்வியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, விசாரித்துப் பார்க்கிறேன் என்றார். குரலில் சலிப்பு இருந்தது. எனக்கும்தான்.

ஜூலை 5

அன்னம்மா என்னை வரச் சொல்கிறார், தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போகலாம், அவனுக்குத் தெரியாது என்கிறார். இங்கே வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இருக்கிறது.

ஜூலை 14

நாச்சிமுத்து ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அவற்றைப் பார்க்கப் போயிருந்தார். இன்று வேலைக்கு வந்தவர் முயல் கூண்டுகளுக்கு முன்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறார். ஒன்றும் இல்லாதவர் ஏன் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்? குழாயை மூடிவிட்டு, கேன்டீனிலிருந்து இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை அவர் கையில் திணித்தேன்.

"என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா அவனுக்கு?"

"அதெல்லாம் நல்லாருக்கானுங். தொப்பை கொறஞ்சு போச்சு. லில்லி ஓடையில கால நனச்சுட்டு ஒக்காந்திருக்குதுங்."

"அப்புறம் என்ன?"

அவர் டீயை ஊதினார். குடிக்கவில்லை.

"ஜம்பு பலா மரத்து மேல இருந்தானுங். கீழருந்து கூப்புட்டேன். என்னையப் பாத்தான், நல்லாப் பாத்தானுங். பன்னு கொண்டு போயிருந்தேன், தூக்கிக் காமிச்சேன். அவன் அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டான். நானுங் கூப்புட்டுக்கிட்டே நின்னேன், மழ வேற. எறங்கவே இல்லீங் மேடம். அத்தன வருசம் பாத்தனே, ஒருக்கா எறங்கி வரப்படாதா?"

அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. முயல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"இங்க நீங்க கூப்பிட்டு அவன் வராம இருந்திருக்கானா?"

"எப்பிடீங் வராம இருப்பான்? கூண்டுக்குள்ள எங்க போவான்?"

"இப்பத்தான் வராம இருக்கலாம்னு தெரிஞ்சிருக்கு அவனுக்கு."

அவர் யோசித்தார். ஒத்துக்கொள்ளவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "இருந்தாலுங் மேடம்" என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டு வாளியை நிமிர்த்தி வைத்தார். நான் குழாயைத் திறந்துவிட்டேன்.